இரும்புக் குளிசையும் வல்வெட்டித்துறைக் குச்சியும்

அத்தியாயம் பதினொன்று

ஒரு குளிசை அட்டையைக் கண்டு ஒரு வீடு முழுவதும் நடுங்குமா? உரும்பிராயில் கனகரத்தினத்தின் வீடு நடுங்கியது. அந்த வீட்டில் அறிவு இல்லாமல் இல்லை. அதை எடுத்துப் பாவிக்கும் பழக்கம்தான் இல்லை.

பழைய வாசகர்கள் இரண்டு பந்தி தாண்டிப் போகலாம். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். கனகரத்தினம் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். மனைவி பத்மாசினி. மகன் ஜெயதீபனுக்கு ஜிம்முக்குப் போவதைத் தவிர வேறு தொழில் கிடையாது. மகள் ஆரபி ஓடுகிறவள். அவள் ஏன் ஓடுகிறாள் என்று அந்த வீட்டில் எவரும் கேட்டதில்லை. எப்போது நிறுத்துவாள் என்று மட்டும் எல்லாரும் கேட்டார்கள். கனடாவில் இருக்கும் நிருஷனுக்கு அவளைக் கட்டிக்கொடுப்பது என்று கனகரத்தினத்தின் அக்கா ஞானாம்பிகை முடிவெடுத்துவிட்டாள்.

நாளை சனிக்கிழமை காலை மாவட்ட அணிக்கான தெரிவு ஓட்டம். போன வருடம் இதே ஓட்டத்தில் ஆரபி பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வேலியோரம் நின்ற சனம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு அவள் ஒரு வருடமாகப் பதில் தயாரித்து வைத்திருக்கிறாள். நாளை அதைச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பதில் தயாரித்தது சும்மா நடக்கவில்லை. விடியலில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். மற்றப் பெட்டைகளுக்கு மாதத்துக்கு மாதம் மூச்சு நீண்டது. இவளுக்கு நீளவில்லை. மனம் இல்லை, பயம், சோம்பல் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பயிற்சி கொடுக்கும் உதயகலா மிஸ் மட்டும் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னாள்.

சோதித்த டொக்டர் விளங்கும்படியாகச் சொன்னார். "இரத்தசோகை எண்டு சொல்ல ஏலாது. வாளியிலை தண்ணி கிடக்கு, கிணறு வத்திப்போச்சு. நீர் எவ்வளவு ஓடினாலும் உடம்பு பிடிக்காது." உடம்பில் இரும்பு இருப்பு இல்லை என்று இரும்புக் குளிசை எழுதிக் கொடுத்தார்.

அந்தக் குளிசையை ஆரபி முதல் மாதம் முழுவதும் தேத்தண்ணியோடு விழுங்கினாள். யாழ்ப்பாணத்தில் மனிதர் எதைத்தான் தேத்தண்ணியோடு விழுங்குவதில்லை? ஒரு பலனும் இல்லை. தேத்தண்ணி இரும்பை உடம்பில் சேரவிடாது என்று கிளினிக்கில் இருந்த மிட்வைஃப் மிஸ் ஏசினாள். அதற்குப் பிறகு தேசிக்காய் பிழிந்த புளித் தண்ணீரோடு குடித்தாள். மெல்ல மெல்ல மூச்சு வந்தது. போன வருடம் நின்ற இடத்தை இப்போது நினைக்காமலே தாண்டினாள். அட்டைகள்தான் அவள் நினைத்ததைவிடக் கெதியாகக் காலியாகின. தன் கணக்குத்தான் பிழை என்று எண்ணிக்கொண்டாள்.

அவள் குளிசையைப் பைக்குள் ஒளித்து வைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் பெட்டை குளிசை போட்டால் அது வருத்தம், நோய். பெட்டைக்கு வருத்தம் என்றால் அது கலியாணத் தரகரின் காதுக்குப் போகும். பொடியன் போட்டால் உடம்பு தேறுகிறான்.

வெள்ளிக்கிழமை காலை ஆரபி படலையைத் திறந்து வந்தபோது விறாந்தைக் கதிரையில் ஞானாம்பிகை மாமி இருந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் குளிசை அட்டை. கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் இங்கே ஏறி, சட்டை ஊசி தேடி ஆரபியின் பையைத் திறந்தாளாம். வெள்ளிக்கிழமைகளில் மாமிக்கு எப்போதும் ஏதாவது ஊசி தேவைப்படும்.

"என்னடி உது?"

"குளிசை."

"குளிசை எண்டு எனக்குத் தெரியாதோ? என்ன குளிசை?"

"இரும்புச்சத்து."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

மாமி குசினிப் பக்கம் திரும்பினாள். "பத்மா, இஞ்சை வாரும். கேட்டீரே? தன்ரை வாயாலையே சொல்லிப்போட்டாள். என்ரை மோன்ரை மனிசிக்கு உந்தக் குளிசைதான் கிளினிக்கிலை குடுத்தவை. அட்டையும் உதுதான், நிறமும் உதுதான். உது பிள்ளைத்தாச்சியளுக்குக் குடுக்கிற குளிசை!"

பத்மாசினி வாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு படி ஏறினாலே எதையாவது பிடிப்பாள். வாயில் வழக்கம்போலப் பச்சை அரிசி. எந்த நேரமும் அரிசி சப்புவது அவளுடைய கெட்ட பழக்கம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள்.

"மாமி, நான் ஓடுறதுக்குக் குடிக்கிறன்," என்றாள் ஆரபி.

"ஓடுறதுக்குக் கால் காணாதோ? நான் கலியாணத்துக்கு முதல் கோப்பாய் மட்டும் நடந்து போய் வந்தனான். ஒரு குளிசை போட்டனானோ?"

"நீங்கள் ஓடினனீங்களோ?"

"ஆரேன் துரத்தினால்தானே ஓடுறது! உன்னை ஆர் துரத்தினது?"

இந்த நேரம் பார்த்து ஜெயதீபன் அறையை விட்டு வந்தான். கையில் பெரிய பிளாஸ்ரிக் குடுவை. அதற்குள் பாலும் புரோட்டீன் மாவும். குலுக்கிக் குலுக்கித்தான் குடிப்பான். அந்த மா சுவிஸில் இருக்கும் சித்தப்பா அனுப்புவது. ஒரு வாளி அளவு டின், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. படம் துடைக்கும்போது பத்மாசினி அந்த டின்னையும் துடைப்பாள்.

"விடிய வெள்ளன ஆரோடை ஓடுறாள் எண்டு கேளுங்கோ மாமி," என்றான்.

"உன்னோடை ஓடலாம் எண்டால் நீ சந்தி மட்டும் வரமுன்னம் இளைச்சு விழுந்திடுவாய் அண்ணை. பேந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வாறது ஆர்?"

"பாருங்கோ வாயை!"

"அப்பாவைக் கூப்பிடு," என்றாள் மாமி.

கனகரத்தினம் தோட்டத்தில் இருந்து சேற்றுக் காலோடு வந்தார். அக்கா சொன்னதைக் கேட்டார். அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். வெங்காயத்தில் அழுகல் கண்டால் என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று நாலு பேரை விசாரிக்கிற மனிதர் அவர். மகளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார்.

"உமக்கு உது தெரியுமோ?"

பத்மாசினி வாயைத் திறந்தாள். மூடினாள். அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று குசினிக்குள் போய்விட்டாள்.

"டொக்டரிட்டைக் கேளுங்கோ அப்பா. உதயகலா மிஸ்ஸைக் கேளுங்கோ. ஃபோன் போட்டுத் தாறன்," என்றாள் ஆரபி.

"பொறு! ஊருக்கெல்லாம் ஃபோன் போட்டுச் சொல்லப்போறியோ?" மாமி எழுந்துவிட்டாள். "ஒரு மனிசருக்கும் தெரியவேண்டாம். குச்சி ஒண்டு வாங்கிப் பாத்தால் எல்லாம் வெளிக்கும்."

குச்சி என்றால் பிள்ளை இருக்கிறதா என்று சிறுநீரில் வைத்துப் பார்க்கும் குச்சி. அதை வாங்குவது யார் என்பதில் பெரிய விவாதம் இல்லை, மோட்டார் சைக்கிள் ஜெயதீபனிடம் இருந்தது. எங்கே வாங்குவது என்பதில்தான் குடும்பத்தின் மூளை முழுவதும் செலவானது. உரும்பிராய்ச் சந்திப் பாமசிக்காரன் கோயில் சபையில் இருக்கிறான். கோப்பாயில் பத்மாசினியின் ஆட்கள். சுன்னாகத்தில் மாமியின் சம்பந்தி பகுதி. யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனால் உலகம் முழுவதும் நிற்கும்.

"வல்வெட்டித்துறைக்குப் போ," என்றாள் மாமி. "அங்கை எங்களைத் தெரிஞ்ச நாய்கூட இல்லை."

"ஹெல்மெற்றைக் கழட்டாதை," என்றார் கனகரத்தினம். அன்று காலை அவர் சொன்ன ஒரே யோசனை அது.

தோட்டத்துக்குத் திரும்புமுன் இன்னொன்றும் செய்தார். ஆரபியின் ஓட்டச் சப்பாத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பத்மாசினியின் கையில் கொடுத்தார். "குச்சியைப் பாத்தபிறகுதான் இது வெளியிலை வரும்."

"நாளைக்கு ஓட்டம் அப்பா," என்றாள் ஆரபி.

அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

ஜெயதீபன் அச்சுவேலி தாண்டி, வல்லை வெளியின் வெயிலையும் காற்றையும் தாண்டி, கடல் மணக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தான். பாமசிக்கு எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். இரண்டு முறை உள்ளே பார்த்தான். முகம் முழுவதும் மூடிய ஹெல்மெற்றோடு கவுண்டர் முன்னால் போய் நின்று முணுமுணுத்தான்.

கவுண்டரில் நின்ற பெட்டை காதைச் சாய்த்தாள். "ஹெல்மெற்றைக் கழட்டிப்போட்டுக் கதையுங்கோ அண்ணை, ஒண்டும் விளங்கேல்லை."

"குச்சி ஒண்டு."

"என்ன குச்சி? காது குடையிறதோ?"

"இல்லை. உந்த... பிள்ளை பாக்கிறது."

"ஓ! வயித்திலை பிள்ளை தங்கியிருக்கோ எண்டு பாக்கிறதோ?" அவளுக்கு நல்ல கணீர் குரல். மருந்துக்குக் காத்து நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். "எத்தினை வேணும்?"

"ஒண்டு."

"ரெண்டாய் எடுங்கோ அண்ணை. முதல் குச்சியை ஒருத்தரும் நம்புறேல்லை."

அவன் ஒன்றை மட்டும் வாங்கிக் காற்சட்டைப் பைக்குள் திணித்தான். ஹெல்மெற்றுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. வெளியே காலை வைக்கும்போது சுவரோரம் சனம் இருக்கும் நீள வாங்கில் இருந்து ஒரு குரல்.

"ஆர், கனகரத்தினத்தின்ரை பொடியன் ஜெயதீபன் எல்லோ?"

கந்தப்பு. கலியாணத் தரகர். முழங்கால் நோவுக்குப் பூச மருந்து வாங்க வந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் தரகர் போகாத ஊர் என்று ஒன்று இருந்தால் அது கடலுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். இது ஞானாம்பிகை மாமிக்குத் தெரியாததல்ல. நிருஷனின் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே இந்தக் கந்தப்புதான்.

ஜெயதீபன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். எப்படித் தன்னை அடையாளம் பிடித்தார் என்று யோசித்துக்கொண்டே வல்லை வெளி முழுவதும் வந்தான். வீட்டுக்கு வந்து ரீசேட்டைக் கழற்றும்போது விளங்கியது. போன வருடம் ஜிம் ஆண்டு விழாவுக்கு அடித்த ரீசேட். முதுகில் கொட்டை எழுத்தில் அவனுடைய பெயர். முகத்தை மூடச் சொன்ன தகப்பனுக்கும் முதுகு ஞாபகம் வரவில்லை, மூடிக்கொண்டு போன மகனுக்கும் வரவில்லை.

அவன் இதை வீட்டில் சொல்லவில்லை. குச்சியை மேசையில் வைத்தான். பேப்பரில் சுற்றியிருந்தான். மாமி அதை ஆரபியின் பக்கம் தள்ளினாள்.

"கொண்டு போ. பாத்துப்போட்டு வந்து காட்டு."

"மாட்டன்."

"என்ன?"

"செய்ய மாட்டன் மாமி."

"பயம் இல்லாட்டி ஏன் மாட்டன் எண்டுறாய்?"

"நான் உண்மையைச் சொல்லிப்போட்டன். டொக்டரைக் கேளுங்கோ எண்டும் சொன்னன். உங்களுக்கு என்ரை வாயிலை நம்பிக்கை இல்லை, டொக்டரின்ரை வாயிலை நம்பிக்கை இல்லை, மூத்திரத்திலைதான் நம்பிக்கை எண்டால் அதுக்கு நான் என்ன செய்ய?"

"அப்ப சப்பாத்து அலுமாரிக்குள்ளைதான் கிடக்கும்," என்றார் தோட்டத்தால் வந்திருந்த கனகரத்தினம்.

ஆரபிக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு நிமிட வேலை. செய்தால் சப்பாத்து கைக்கு வரும், நாளை ஓடலாம். ஆனால் இன்று இதைக் காட்டினால் நாளை வேறொன்றைக் காட்டச் சொல்வார்கள். கலியாணம் முடிந்தபிறகு இன்னொரு வீட்டில் இன்னொரு மாமி கேட்பாள். குச்சியைத் தொடாமல் அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தாள்.

பின்னேரம் படலையடியில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கந்தப்பு வந்து கதிரையில் முழங்காலை நீட்டி இருந்தார். தேத்தண்ணி வந்தது. மழை இல்லை என்றார். வெங்காயம் என்ன விலை போகிறது என்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கனகரத்தினம், நான் தேவையில்லாமல் ஒண்டும் கேக்கிற ஆள் இல்லை. எண்டாலும் மாப்பிள்ளை பகுதி நாளைக்கு என்னைப் பிடிச்சுக் கேட்டால் நான் பதில் சொல்லவேணும். தம்பி காலமை வல்வெட்டித்துறையிலை வாங்கின சாமான் ஆருக்கு?"

ஜெயதீபன் நிலத்தைப் பார்த்தான். கனகரத்தினம் மகனைப் பார்த்தார், பிறகு அறைக் கதவைப் பார்த்தார். மகளைக் காப்பாற்றினால் மகன் கெடுகிறான். மகனைக் காப்பாற்றினால் மகள் கெடுகிறாள். உண்மையைச் சொன்னால் இருவருமே தப்புவார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த வீட்டில் உண்மை என்பது வேறு வழி இல்லாதபோது எடுப்பது.

முந்திக்கொண்டது மாமிதான். "அது தம்பி ஆருக்கோ வாங்கினவன் கந்தப்பு அண்ணை. ஆம்பிளைப் பிள்ளை. ரெண்டு நாள் கதைப்பினம், பேந்து மறந்திடுவினம்."

"மாமி!" ஜெயதீபன் துள்ளி எழுந்தான். "எனக்குக் கொக்குவிலிலை கலியாணம் பேசிக்கொண்டெல்லோ நிக்கிறியள்! அவள் குடிச்ச குளிசைக்கு நான் ஏன் பேர் கெடவேணும்? அவளுக்கெண்டு சொல்லுங்கோ!"

"விசரா, வாயை மூடடா!" என்றாள் மாமி.

காலம் கடந்துவிட்டது. கந்தப்புவின் புருவம் அறைக் கதவுப் பக்கம் போய்விட்டது. கதவும் திறந்தது.

ஆரபி மேசையில் கிடந்த குளிசை அட்டையை எடுத்துக் கந்தப்புவின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது இரும்புக் குளிசை. எனக்கு ஓட மூச்சுக் காணாமல் இருந்தது. டொக்டர் பாத்துத் தந்தவர். பிள்ளைத்தாச்சியளுக்கும் இதைத்தான் குடுக்கிறவை. ஏனெண்டால் அவைக்கும் இரத்தம் வேணும், எனக்கும் வேணும். மாமிக்கு அவ்வளவுதான் விளங்கினது. நாளைக்கு எனக்கு மாவட்டத் தெரிவு. இந்த வீட்டிலை ஓடுறது நான்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். இண்டைக்கு அண்ணை என்னைவிடத் தூரம் ஓடிப்போட்டார்."

கந்தப்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயதீபனின் காது சிவந்தது. ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. தரகரின் மூளை அந்தக் கணத்திலும் சும்மா இருக்கவில்லை.

"அப்ப பிள்ளைக்கு இரத்தம் குறைவோ?"

"குறைவில்லை. உடம்பிலை இரும்பு இருப்பு இல்லாமல் போச்சு. இப்ப வந்திட்டுது."

"விளங்குது, விளங்குது. ஆனால் பிள்ளை, கனடாக் குளிர். பிறகு பிள்ளை குட்டி எண்டு வரும். ஒரு வருத்தத்தை மறைச்சுப் பேசினம் எண்டு நாளைக்கு என்ரை தலையிலை வரக்கூடாது பாருங்கோ."

காலையில் அவள் கெட்டுப்போனவள். பின்னேரம் நோயாளி. அதே பெட்டை, அதே குளிசை. இப்படியான ஒரு சந்தையில் சரக்கு எப்போதுமே ஏதாவது ஒரு பக்கம் அடிபட்டுத்தான் இருக்கும்.

கந்தப்பு முற்றத்து மாமரத்தடிக்குப் போய், கோண்டாவிலில் வந்து நிற்கும் நிருஷனின் தாயாரோடு தொலைபேசியில் கதைத்தார். திரும்பி வரும்போது முகத்தில் வேலை முடித்த களை.

"அவை நாளைக்குக் காலமை வரினமாம். பிள்ளை வெளிறிப்போய்க் கிடக்கோ எண்டு ஒருக்கா நேரை பாத்தால் தங்களுக்கும் மனம் ஆறுமாம். கண்மடலைப் பாத்தால் தெரியுமாம்."

"நாளைக்குக் காலமை எனக்கு ஓட்டம்," என்றாள் ஆரபி.

"ஓட்டம் கிடக்கட்டும்," என்றார் கனகரத்தினம். காலையில் மகளைப் பார்த்துப் பேசப் பயந்தவருக்கு இப்போது குரல் வந்துவிட்டது. அவள் சுத்தமானவள் என்று தெரிந்துவிட்டதல்லவா, இனி அதட்டலாம். "வாற சனத்துக்கு முன்னாலை வேர்த்து வழிஞ்சுகொண்டு நிக்கப்போறியோ? சப்பாத்து இருக்கிற இடத்திலை இருக்கட்டும்."

"குச்சியைப் பாத்தபிறகு தாறன் எண்டனீங்கள். இப்ப குச்சியும் தேவையில்லை எண்டு தெரியும். பிறகென்ன?"

"கதையாதை!" பிறகு குசினிப் பக்கம் திரும்பினார். "பத்மா, உந்த அட்டையைக் கொண்டுபோய் எறியும். அவை வரேக்கை உது கண்ணிலை படக்கூடாது."

பத்மாசினி வந்து அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவு நேரமும் அவள் குசினி வாசலில்தான் நின்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

விளக்கு வைக்கும் நேரம் ஆரபி முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். தோய்க்கிற கல்லில் பத்மாசினி குந்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு பேணி தேத்தண்ணி. வெள்ளிக்கிழமை விரதக்காரி, காலையில் இருந்து சப்பிய அரிசியைத் தவிர வயிற்றில் வேறொன்றும் இல்லை. எறியச் சொன்ன அட்டை மடியில் இருந்தது. ஒரு குளிசையை நெரித்து எடுத்து வாயில் போட்டு, தேத்தண்ணியைக் குடித்து விழுங்கினாள். பழகிய கை.

"அம்மா."

பத்மாசினி திடுக்கிடவில்லை. அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"எவ்வளவு நாளாய்?"

"நீ ரெண்டு வாளி தண்ணியை ஒண்டாய்த் தூக்கிக்கொண்டு போன அண்டு தொடக்கம். நான் ஒரு வாளிக்கே இதிலை குந்தியிருக்கிறன்."

அட்டைகள் கெதியாகக் காலியானது ஆரபிக்கு இப்போது விளங்கியது. "அப்ப உது என்ன குளிசை எண்டு உனக்குத் தெரியும்."

"மிட்வைஃப் மிஸ்ஸை வழியிலை மறிச்சுக் கேட்டனான்."

"காலமை மாமி அட்டையைத் தூக்கிப் பிடிச்சுக் கத்தேக்கை தெரியும். அப்பா உன்னைக் கேக்கேக்கை தெரியும். அண்ணை வல்வெட்டித்துறைக்கு வெளிக்கிடேக்கையும் தெரியும்."

"ஓம்."

"ஏன் வாய் திறக்கேல்லை?"

பத்மாசினி கடைவாயில் கிடந்த அரிசியை ஒருமுறை மென்றாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"திறந்திருந்தால் குச்சியை எனக்கெல்லோ தந்திருப்பினம்."

ஆரபிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. தாய் சொன்னது பகிடியா, பயமா, கோழைத்தனமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தேவையும் இல்லை. மூன்றும்தான். பேரப்பிள்ளை காணும் வயதில் ஒரு மனிசி இரத்தம் இல்லாமல் பச்சை அரிசி சப்பி, சுவரைப் பிடித்து நடக்கிறாள். அதைக் கண்டுகொள்ள அந்த வீட்டில் கண் இல்லை. அவள் ஒரு குளிசை போட்டால் மட்டும் எல்லாருக்கும் கண் வந்துவிடும். அது உண்மைதான். அந்த உண்மைக்காக ஒரு நாள் முழுவதும் மகளைத் தனியே விட்டதும் உண்மைதான்.

"தேத்தண்ணியோடை போட்டால் ஒண்டும் உடம்பிலை பிடிக்காது," என்றாள் ஆரபி. "நானும் ஒரு மாதம் உப்பிடித்தான் வீணாக்கினனான். தேசிக்காய்த் தண்ணியோடை போடு."

"உதை முதலே சொல்லக்கூடாதோ?"

"நீ முதலே கேக்கக்கூடாதோ?"

பக்கத்துத் தோட்டத்தில் யாரோ தண்ணீர் மெசினை நிறுத்தினார்கள். பத்மாசினி கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நின்று மூச்சு வாங்கினாள்.

"அலுமாரிச் சாவி அரிசி டின்னுக்கை கிடக்கு," என்றாள். "நான் ஒண்டும் சொல்லேல்லை."

ஆரபி தாயை மன்னிக்கவில்லை. குசினிக்குள் போய் அரிசி டின்னுக்குள் கையை விட்டாள். சாவி அடியில், குளிர்ந்துபோய்க் கிடந்தது.

அதே நேரம் விறாந்தையில் இருந்து மாமியின் குரல் வந்தது. "பத்மா! நாளைக்குப் பெட்டையை வெள்ளன எழுப்பித் தலைக்குத் தோய வையும். அவை வரமுன்னம் தலை காயவேணும்."

"வெள்ளன எழுப்புவன் மச்சாள்," என்று கிணற்றடியில் இருந்து பத்மாசினி சொன்னாள். "கோழி கூவமுன்னமே எழுப்பிவிடுவன்."

அந்தப் பதில் மாமிக்குச் சொன்னதா, ஓடப்போகும் தனக்குச் சொன்னதா என்று ஆரபிக்குப் பிடிபடவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தாள். பேணியில் மிச்சம் கிடந்த தேத்தண்ணியைத் தாய் வாழையடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.